உலகம் சுற்றியவர், சேமிப்பை ஊருக்குக் கொடுத்தவர்!

திருத்தணி ரயில் நிலையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். முருகனைப் பார்க்க வருகிறவர்கள் இறங்குவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். தோளில் பை, அதற்குள் டிபன் பாக்ஸ். திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர், சென்ட்ரல் என்று அவரவர் இறங்கும் இடம்தான் வேறு. பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து வரும்.

மலையைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். இருந்தும், படிப்பு முடித்த பிள்ளைகளில் பலர் ரயிலேறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஒரு ஊர் வளர்ந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வது? பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பெருகிய கடைகளைப் பார்த்தா, அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன படித்தார்கள், எங்கே போய் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்தா?

இப்படிப்பட்ட கேள்விகளையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷய்யா. இதே வட்டாரத்துக்காரர்.

ஒரே மாவட்டம், இரண்டு பிள்ளைகள்

1910 ஏப்ரல் 18 அன்று வேலூரில் பிறந்தார் ஆதிசேஷய்யா. அப்போது வேலூரும் திருத்தணியும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அடுத்த வருடமே, 1911-ல், சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போனது. பின்னாளில் ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி மறுபடி நம்மோடு சேர்ந்தது.

திருத்தணி என்றதும் நினைவுக்கு வருகிற இன்னொரு பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1888-ல் அந்த ஊரில் பிறந்தவர், வேலூர் ஊரிசு கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். ஆதிசேஷய்யாவின் தந்தை அதே ஊரிசு கல்லூரியில் ஆசிரியர். கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு மாறிய பிறகு, 1940 முதல் 1946 வரை அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார் ஆதிசேஷய்யா. ராதாகிருஷ்ணன் யுனெஸ்கோவின் நிர்வாகக் குழுத் தலைவரான 1948-ஆம் வருடம்தான் ஆதிசேஷய்யாவும் யுனெஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு பழைய மாவட்டத்தின் இரண்டு பிள்ளைகள், கல்விக்கான உலக அமைப்பில் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறார்கள்!

பாரிஸிலிருந்து அடையாறுக்கு

சென்னை லயோலா கல்லூரி, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கேம்பிரிட்ஜ் என்று படித்தவர் ஆதிசேஷய்யா. பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தில் 22 வருடங்கள் இருந்தார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளுக்குப் பள்ளிக்கூடம், ஆசிரியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரி என்று எது தேவையோ, அதற்கு ஆளும் பணமும் கிடைக்கச் செய்கிற வேலை. 1958-ல் தொடங்கிய மும்பை ஐ.ஐ.டி.க்குக்கூட சோவியத் நாட்டின் உதவி யுனெஸ்கோ வழியாகத்தான் வந்தது. 1963-ல் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். யுனெஸ்கோவில் தலைமை இயக்குநருக்கு அடுத்த பதவி அது.

1970-ல் பணி ஓய்வு. வயது 60. உலகம் முழுவதும் நண்பர்கள், நல்ல பெயர், கையில் வாழ்நாள் சேமிப்பு. அந்த வயதில் பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? வீடு கட்டுவார்கள், பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்காருவார்கள். அவரும் மனைவி எலிசபெத்தும் சென்னைக்குத் திரும்பினார்கள். 1971-ல், தங்கள் சேமிப்பைக் கொண்டு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று அடையாறு காந்தி நகரில் இருக்கிற எம்.ஐ.டி.எஸ். அதுதான்.

சராசரி மறைப்பது

டெல்லியில் அப்போது திட்டக் கமிஷன் இருந்ததே, பிறகு தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஓர் ஆய்வு நிறுவனம் எதற்கு?

ஒரு தெருவில் பத்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் மாதம் ஒரு லட்ச ரூபாய் வருமானம், மற்ற ஒன்பது வீடுகளில் தலா பத்தாயிரம். சராசரி போட்டால் வீட்டுக்கு 19,000 ரூபாய் வரும். ஆனால், அந்தத் தெருவில் 19,000 ரூபாய் சம்பாதிக்கிற வீடு ஒன்றுகூட இல்லை! தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சராசரிதான் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் வீடுகள் தெரியும்.

அந்த நிறுவனத்தின் ஆய்வுகளில் ஒன்று இதற்கு நல்ல உதாரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கணக்கெடுக்க வைத்தார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு கிராமம், பழைய வட ஆற்காட்டில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தூசி. 1980-களில் எம்.ஐ.டி.எஸ். ஆய்வாளர்கள் அதே தூசிக்குத் திரும்பப் போனார்கள். ஏறக்குறைய எழுபது வருடத்தில் யாருடைய நிலைமை மாறியது, யாருடையது மாறவில்லை என்று பார்த்தார்கள். ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேச இப்படிப்பட்ட பொறுமை வேண்டியிருக்கிறது.

1977-ல் மத்திய அரசின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சிலும் தமிழக அரசும் ஆதரவு தர, அது தேசிய அளவிலான நிறுவனமானது. 1978-ல் இயக்குநர் பொறுப்பைப் பேராசிரியர் சி.டி.குரியனிடம் ஒப்படைத்தார் ஆதிசேஷய்யா. தன் பணத்தில் தொடங்கியதை அடுத்தவர் கையில் கொடுக்கவும் மனசு வேண்டும்.

பிளஸ் டூவில் ஒரு கனவு

1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1976-ல் பத்மபூஷண் வந்தது. 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினர்.

ஆனால், சாதாரண வீடுகளுக்கு மிக நெருக்கமாக வந்த அவருடைய வேலை வேறு. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தொழிற்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் ஆதிசேஷய்யா. 1978-ல் வந்த அறிக்கையின் தலைப்பே, செய்வதற்குக் கற்றல் என்ற பொருளில் இருந்தது. விவசாயம், மருத்துவ உதவிப் பணி, அலுவலக நிர்வாகம் என்று அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற தொழில்களைப் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்கலாம், படிப்பும் வேலையும் கைகோத்துப் போகலாம் என்பதுதான் அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ தொடங்கியதும் அதே 1978-ல்தான்.

கனவு முழுதாக நிறைவேறவில்லை. ‘வொகேஷனல் குரூப்’ என்றாலே மார்க் குறைந்த பிள்ளைகள் போகிற இடம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கையால் செய்கிற வேலையை மட்டமாக நினைக்கிற நம்முடைய பழக்கம், ஓர் அறிக்கையால் மாறிவிடவில்லை.

எழுத்தறிவில் நிலைமை வேறு. பெரியவர்களும் எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கடைசிவரை உழைத்தவர் அவர். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 62.66 சதவிகிதம், 2011-ல் அது 80.09 சதவிகிதம். இதைப் பார்க்க அவர் இல்லை. 1994 நவம்பர் 21 அன்று, 84 வயதில் காலமானார். 1998-ல் யுனெஸ்கோ அவர் பெயரில் ஒரு சர்வதேச எழுத்தறிவு விருதை ஏற்படுத்தியது.

திருத்தணியிலோ, வேலூரிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ‘எந்த குரூப் எடுக்கலாம்?’ என்று வீட்டில் கேட்கிற நாள் ஒன்று வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த குரூப்பைச் சொல்லிவிடாமல், அந்தப் பிள்ளையின் கைக்கு என்ன வேலை நன்றாக வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.