அடிவெட்டு

கதை திருத்தக் கற்க வருகிற பிள்ளைகளிடம் பழைய ஞாயிறு பதிப்பின் கத்தரிப்பு ஒன்றைக் கொடுத்து, “இது எங்கே முடிகிறது, பார்” என்பேன். வாசித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைப்பார்கள். அது எழுதியவர் முடித்த இடமா, இல்லை பத்தியில் இடம் தீர்ந்த இடமா என்று அடுத்துக் கேட்பேன். பதில் வராது. வரவும் முடியாது. அச்சில் ஏறிவிட்டால் வெட்டின தடம் யாருக்கும் தெரியாது.

ஈய எழுத்துக் காலத்தில் நான் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிறு பதிப்பின் கதைப் பக்கம் வெள்ளிக்கிழமையே கோத்துத் தயாராக இருக்கும். அந்தி நேரத்தில் புடவைக்கடை விளம்பரம் ஒன்று வந்து சேரும். கதையின் நடுவில் கைவைக்க நேரம் இருக்காது. பக்கம் கட்டுகிறவர் கடைசிப் பத்தியின் அடியிலிருந்து வரிகளை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, முற்றுப்புள்ளி இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவார். இதற்கு எங்களிடம் இருந்த பெயர் அடிவெட்டு. கதை எழுதுகிறவர்களில் விவரம் தெரிந்த சிலர், போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இரண்டு பத்தியைக் கடைசியில் சேர்த்தே அனுப்புவார்கள். விளம்பரம் வராத வாரம் அந்த உபரியும் அச்சாகி, கதைக்கு வால் முளைத்து நிற்கும்.

நான் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். வாய் இன்னும் பழகவில்லை. மேரி தோட்டம், மிஞ்ஞாக் தோட்டம், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று கோல சிலாங்கூரையும் உலு சிலாங்கூரையும் ஒட்டிக் கிடந்த தோட்டங்களின் பெயர்களை உறையின் பின்பக்கத்தில் பார்த்தே எங்கள் மேசையில் கையெழுத்து அடையாளம் தெரியும். எழுதியவர்கள் தமிழ்ப்பள்ளி வாத்தியார், ஆபீஸ் கிராணி, பால்மரம் வெட்டுகிறவர். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் வரும். ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் தாளின் முதுகில் வரும். ஒரு பத்திரிகையை ஒரு லயமே வாசித்த காலம் அது. தன் பெயர் அச்சில் வந்த தாள் வீடு வீடாகப் போய்க் கசங்கித் திரும்பி வரும்போது எழுதியவருக்கே மிச்சம் இருக்காது.

மலேசியாவில் கதை எழுதுகிறவர்களைப் பத்திரிகை ஆசிரியர்கள்தான் பெரும்பாலும் உண்டாக்கினார்கள். 1950இல் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். ரப்பர் காட்டில் இருந்தவன் அஞ்சலில் கதைத்தொழில் கற்க முடிந்தது. 1952இல் கு. அழகிரிசாமி அதே பத்திரிகைக்கு வந்து சேர்ந்தார். 1957 வரை கோலாலம்பூரில் இருந்தார். இடைசெவல் மண்ணிலிருந்து வந்த அவரே பெரிய கதைக்காரர். கம்பராமாயணத்திலும் காவடிச் சிந்திலும் பதிப்பு வேலை பார்த்த கை. எழுதுகிறவர்களைக் கூட்டிவைத்துக் கதைகளை அலசும் இலக்கிய வட்டமும் அந்த நாள்களில் நடந்தது. தானே எழுதத் தெரிந்தவர் அடுத்தவர் கதையில் கைவைப்பது ஆபத்து என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். தன் நடை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார். அழகிரிசாமியை அவர் மெச்சியது அதற்காகத்தான்: அவர் காலத்தில் எழுத வந்தவர்கள் யாரும் அழகிரிசாமி மாதிரி எழுதவில்லையே, கவனித்தாயா தம்பி, என்று கேட்பார்.

அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கே அது பிடிக்காது. வேலையைச் சொல்கிறேன். கதையை முதல் தடவை கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பார். இரண்டாம் தடவை உதடு அசைய வாசிப்பார். பேனா மூன்றாவது வாசிப்பில்தான் வெளியே வரும். எழுத்துப்பிழைக்கும் ஒற்றுக்கும் சிவப்பு மை. சந்தேகத்துக்குப் பென்சில், அதுவும் ஓரத்தில், கேள்வியாக. ‘இவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?’ என்று எழுதுவார். திரும்பிப் பார்க்கிற வரியை அவர் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கேள்வி போட்ட தாள் அஞ்சலில் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிவரப் பத்து நாளாகும். பக்கம் காத்திருக்காது, வேறு கதை போகும். அந்தப் பத்து நாளைப் பொறுக்கிறவர்தான் ஆசிரியர். அவசரத்தில் தானே ஒரு வரி எழுதி அடைக்கிறவர் கதையை முடிக்கிறார், எழுதுகிறவரை வளர்ப்பதில்லை.

தோட்டத்துக் கதை என்றால் பாதிக்கு மேல் ‘கிழக்கு வெளுத்தது’ என்றுதான் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவார்கள். ஆசிரியர் அப்படிச் செய்ய விடமாட்டார். கதையில் வருகிறவள் யார் என்று பார்க்கச் சொல்வார். பால்மரம் வெட்டுகிறவள் என்றால் கிழக்கு வெளுக்கும்போது ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து மர நிரைக்குள் நுழைந்திருப்பாள். அவள் எங்கே வாசலில் நின்று வானம் பார்த்தாள்? அந்தப் பத்தி பொய், எடு. கிராணியின் மனைவி என்றால் பார்த்திருக்கலாம், இருக்கட்டும். வெட்டுவதற்குக் காரணம் அழகு சம்பந்தப்பட்டதாக இருப்பதைவிட உண்மை சம்பந்தப்பட்டதாக இருப்பது எழுதியவருக்கும் எளிதில் விளங்கும். மனத்தாங்கலும் வராது.

பட்டணத்துக்காரர் ஒருவர் நல்ல நடையில் ஒரு கதை அனுப்பியிருந்தார். இரவெல்லாம் மழை; விடிந்ததும் கதாநாயகி உளியும் வாளியுமாகப் போய்ப் பால் வெட்டுகிறாள்; மத்தியானம் மறுபடி வெட்டுகிறாள். மரம் நனைந்திருந்தால் வெட்டு கிடையாது. வெட்டினால் பால் பட்டை வழியே பரவி வழிந்து வீணாகும், மங்கில் விழாது. மத்தியானம் பால் எடுத்து, நிறுத்து, மங்கு துடைத்து வீடு திரும்புகிற நேரம். அவரைக் கூப்பிட்டு மழையை எடுத்துவிடலாமா என்று கேட்டோம். அவருக்கு மழை வேண்டும். அப்படியானால் வேலையை எடுங்கள் என்றார் ஆசிரியர். கதை மாறிவந்தது: மழை, வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. முன்பு ஜோடனையாக இருந்த மழை இப்போது கதையை நடத்தியது. இதைத் திருத்தம் என்பதா, ஆசிரியரும் நானும் தோட்டத்தில் பிறந்த பலன் என்பதா, தெரியவில்லை.

பரிசுக் கதைகள் தனிச் சங்கடம். முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்தபோது ‘தமிழ் நேசன்’ பவுன் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல கதைக்குத் தங்கப் பவுன்! அது எழுதவைத்த கைகள் ஏராளம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் கடைசிப் பத்தியில் யாராவது எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்: சம்சு குடிக்காதே, பிள்ளையைப் படிக்கவை, ஒற்றுமையாக இரு. நடுவர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் நம்பினார்கள். இந்த இடத்தில் மட்டும் அடிவெட்டு சில கதைகளுக்கு நல்லதே செய்தது.

பால்மரத்தில் உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அன்றைக்குப் பாலுக்கு ஒரு குறையும் தெரியாது. சில வருஷம் கழித்துப் புதுப்பட்டை வளர்ந்து வரும்போதுதான் அந்த இடம் முண்டுமுண்டாக நிற்கும், அதில் மறுபடி வெட்ட முடியாது. கதையில் நம் கை பட்ட காயமும் தொகுப்பு போடுகிற அன்றைக்குத்தான் தெரியும். நான் ஓய்வுக்குப் பிறகு கற்றது அவ்வளவும் அதுதான்.

கோல சிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து, எழுதி, புத்தகம் போடாமலே இறந்துபோன ஒருவரின் கதைகளைத் தொகுக்கச் சொல்லி அவர் மகள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிக் கத்தரிப்புகளில் தேதி இல்லை. பத்திரிகையின் பெயரும் இல்லை. கதையை ஓரம் ஒட்டி அழகாக வெட்டியிருக்கிறார், மேல் வரியோடு தேதி போய்விட்டது. கத்தரிப்பு எடுக்கிறவர்கள் அதன் முதுகில் உடனே பென்சிலால் தேதி எழுத வேண்டும். தேதி போனால் பின்பக்கத்தைப் பாருங்கள். சினிமா விளம்பரம், தீபாவளி வாழ்த்து, ரப்பர் விலை, எதுவாவது ஒன்று ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’ இதழ்களை அங்குள்ள தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இங்கிருந்தவர்கள் அதிலும் எழுதியதால் சில கதைகளை அங்கே பிடிக்கலாம். 1924இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதன் பழைய ஞாயிறுகளுக்கு நூலகம் நூலகமாக ஏற வேண்டியிருக்கிறது.

கோப்பில் சில கதைகளுக்குக் கார்பன் பிரதி இருந்தது. அச்சில் வந்ததோடு வரி வரியாக ஒப்பிட்டேன். தோட்டம் கைமாறி வீட்டைக் காலிசெய்யச் சொன்ன பிறகு ஒரு கிழவி என்ன செய்கிறாள் என்பது ஒரு கதை. அச்சில் அவள் கோழிக்கூண்டைப் பிரித்துப் பலகைகளை அடுக்குவதோடு முடிகிறது. கார்பன் பிரதியில் அதன் பிறகு மகன் நிலவுரிமை பற்றி நீளமாகப் பேசுகிறான். பேச்சை எடுத்தது எங்கள் ஆசிரியர் கை. அடிவெட்டாக இருந்திருந்தால் இவ்வளவு சரியான இடத்தில் நின்றிருக்காது. இன்னொரு கதையில் அப்பா மகனுக்குப் புத்தகம் வாங்கச் சைக்கிளில் தஞ்சோங் காராங் போகிறார். அச்சில் அவர் போவதோடு சரி. கடை சாத்தியிருந்ததும், புத்தகக் காசில் மீ கோரேங் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்புவதும் கார்பனில் இருக்கிறது. கதையே அந்தப் பொட்டலத்தில்தான். இது விளம்பரம் செய்த வேலை.

எதைப் பதிப்பது? வெளியுலகில் இதற்குப் பெரிய சர்ச்சையே நடந்திருக்கிறது. அமெரிக்கரான ரேமண்ட் கார்வர் 1981இல் வெளியிட்ட தொகுப்பை அவருடைய ஆசிரியர் கோர்டன் லிஷ் ஏறக்குறையப் பாதியாக வெட்டினார். அந்தச் சிக்கனத்துக்குத்தான் கார்வர் பெயரும் வாங்கினார். அதில் ஒரு கதை: பிறந்தநாள் கேக் சொல்லிவைத்திருந்த பிள்ளை காரில் அடிபட்டுக் கிடக்கிறான், கேக்கை எடுக்க ஆள் வரவில்லை என்று கடைக்காரர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறார். லிஷ் வெட்டிய வடிவம் தொலைபேசி அழைப்போடு நின்றுவிடுகிறது. 1983இல் வந்த தொகுப்பில் கார்வர் நீண்ட வடிவத்தைச் சேர்த்தார். அதில் பிள்ளை இறந்த பிறகு பெற்றோர் கடைக்கே போகிறார்கள். விஷயம் தெரிந்த கடைக்காரர் அவர்களை உட்காரவைத்துச் சூடான ரொட்டி கொடுக்கிறார். கார்வர் 1988இல் இறந்தார். வெட்டுப்படாத மூலத்தொகுப்பு 2009இல் புத்தகமானது. ஆக முடிந்ததற்குக் காரணம், லிஷின் கோப்புகள் இந்தியானா பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருந்ததுதான்.

தமிழிலும் செய்திருக்கிறார்கள். புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்துப் பதிப்பித்தார். நம் அழகிரிசாமியின் கதைகளைத் திரட்டிப் பழ. அதியமான் முழுத்தொகுப்பாக்கினார். இங்கே சை. பீர்முகம்மது ‘வேரும் வாழ்வும்’ என்று மலேசியக் கதைகளைத் தொகுத்திராவிட்டால் பல பேர் பெயரோடு மட்டும் நின்றிருப்பார்கள். ஆனால் எங்கள் மேசைக்கு வந்த கையெழுத்துப் பிரதி அச்சுக்கோத்த மறுநாள் குப்பைக்கூடைக்குப் போய்விடும். கார்பன் வைத்து எழுதியவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு நாம் திருத்திய வடிவம் ஒன்றுதான் மிச்சம். ஒப்பிட இன்னொன்று இல்லை என்கிற நினைப்போடுதான் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டும். இப்போது வேலை கணினியில் என்பதால் சாக்குப்போக்கு இல்லை: வந்தபடியே ஒரு கோப்பு, திருத்தியது ஒரு கோப்பு, இரண்டிலும் தேதி.

சைக்கிள் கதையைக் கார்பன்படியே போட்டேன், யோசனையே இல்லை. கிழவி கதைதான் இழுத்தது. இறந்தவரின் நோட்டு ஒன்றில், பிடித்த கதைகளை அவரே பின்னாளில் மறுபடி எழுதிவைத்திருந்தார். கிழவி கதையும் அதில் இருந்தது, கோழிக்கூண்டோடு முடிந்து. மகன் பேச்சை அவர் திரும்பச் சேர்க்கவில்லை. வெட்டை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “ஐயா, அப்பா வீட்ல எப்பவும் பேசுனது அதான். அத எடுத்துட்டா அது அப்பா கதையே இல்ல” என்றார். நோட்டைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சற்று யோசித்து, அப்பா ஆசிரியர் சொன்னதுக்காக அப்படி எழுதியிருப்பார், மரியாதை அவருக்கு, என்றார். அதையும் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. கடைசியில் கதை கூண்டோடு முடியட்டும், மகன் பேச்சு குறிப்போடு பின்னிணைப்பில் வரட்டும் என்று பேசி முடித்தோம். ஒரு நிபந்தனை வைத்தார்: பின்னிணைப்பு என்று சொல்லி எழுத்தைப் பொடியாக்கக் கூடாது. கதை எந்த அளவு எழுத்தோ அதே அளவில்தான் கோத்திருக்கிறேன்.