மூணு தேய்ப்பு போதும்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கிணறு கலங்கிவிட்டது. கோரிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் அடித்துப் பெய்தால் இந்த மேட்டுச் செம்மண் டீ நிறத்தில் ஓடும். கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறிய தண்ணீரும் அதே நிறம்.

"ஏங்க, நாலு நாள் கேன் தண்ணி வாங்கிக்கலாமே" என்றாள் என் மனைவி.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். கேட்பேனா? கடையில் அரைக் கிலோ படிகாரம் வாங்கி, கரைத்து, ஆயிரம் லிட்டர் தொட்டியில் மொத்தமாக ஊற்றினேன். காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆர்.ஓ. மெஷின் படுத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் நிரம்பும் டப்பா அரை நாளானாலும் நிரம்பவில்லை. பழுது பார்க்க வந்த பையன் மெம்பரேனைக் கழற்றி விரலால் தடவினான். வழவழவென்று ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சார், தொட்டியில படிகாரம் கிடிகாரம் போட்டீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புது மெம்பரேனுக்குப் பணம் கொடுத்ததைவிட, எனக்குத் தெரிந்த பாடத்திலேயே சறுக்கியதுதான் உறுத்தியது. மெம்பரேன் அடைத்துக்கொள்வதை நாம் சல்லடை அடைப்பதைப் போல நினைக்கிறோம். பெரிய துகள் மாட்டிக்கொள்ளும், சின்னது போய்விடும் என்று. ஆர்.ஓ. மெம்பரேனில் அந்தக் கணக்கு உதவாது. அதில் உப்பே நுழைய முடியாது, மண் எங்கே நுழையும்? எல்லாத் துகளும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வந்து நின்ற துகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளுமா, கழிவுத் தண்ணீரோடு நழுவிப் போய்விடுமா என்பதுதான் கேள்வி. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது துகளின் மேற்பரப்பு.

களிமண் துகளின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. சாதாரணத் தண்ணீரில் மெம்பரேனின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை கொண்டதுதான். ஒரே மாதிரி சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். கலங்கல் தண்ணீர் நாள்கணக்கில் தெளியாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. தண்ணீரில் உப்பு கூடினால் இந்தத் தள்ளும் விசை குறையும். ஆற்று வண்டல் கடலைத் தொடும் இடத்தில் படிந்து டெல்டா உண்டாவதில் இதற்கும் பங்குண்டு. மெம்பரேன் உப்பைத் தடுப்பதால் அதன் முகத்தருகே உப்பு சேர்கிறது. அங்கே துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்ட ஆரம்பிக்கும். கடலோர ஊரான நமக்கு இது தினசரிச் சங்கதி.

படிகாரத்தில் இருக்கும் அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்சுமை. களிமண்ணின் சுமையைத் தணித்து, துகள்களைக் கட்டி, அடியில் இறக்கிவிடும். ஹார்டி–ஷுல்ஸ் விதி! கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். ஆயிரம் லிட்டருக்கு இருபது முப்பது கிராம் போதும். நான் போட்டது ஐந்நூறு. மண் இறங்கிய பிறகும் மிஞ்சிய அலுமினியம் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு வந்தது. அது நேர்மின்சுமை, மெம்பரேன் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொண்டன. கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர்தான் மெம்பரேனைக் கெடுத்தது.

அன்று ராத்திரி அம்மா ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் மழைத் தண்ணீர் கலங்கினால் அம்மா மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பாள். கலித்தொகைக் காலத்திலேயே இருந்த வழக்கம் இது. அப்போது அதற்கு 'இல்லம்' என்று பெயர். அந்தக் கொட்டையில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களை ஒன்றோடொன்று கட்டி இறக்குகின்றன. முருங்கை விதையில் இருப்பது நேர்மின்சுமை கொண்ட புரதம்; அது படிகாரத்தின் வழியில் வேலை செய்கிறது.

நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோது, "இதெல்லாம் பத்தாம்பசலிம்மா" என்று அந்தக் கொட்டையைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்திருக்கிறேன். அம்மா கோபப்படவில்லை. தேடி எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டு, "மூணு தேய்ப்பு போதும்டா. மேல தேய்ச்சா திரும்பக் கலங்கும்" என்றாள். அளவு மீறினால் துகள்களை அந்தச் சங்கிலிகளே முழுக்கப் போர்த்திவிடும். பிறகு ஒன்றோடொன்று சேராது. புத்தகம் இதைத்தான் சொல்கிறது. அம்மா கைப்பழக்கத்தில் சொன்னாள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் மெம்பரேனை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் சௌரிராஜன், இந்தியாவில் பிறந்தவர். சென்னைக்கு மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் வந்த ஆலைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் அளவில் கட்டப்பட்டவை. இப்படிப்பட்ட ஆலைகளில் கடல்நீரை அப்படியே மெம்பரேனில் விடமாட்டார்கள். முதலில் கலங்கலை எடுப்பார்கள், அதற்குப் போடும் மருந்தையும் அளந்துதான் போடுவார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆர்.ஓ. வைத்திருந்தால் தொட்டியில் படிகாரம் போடாதீர்கள். கலங்கலைப் பஞ்சு ஃபில்டர் பார்த்துக்கொள்ளட்டும். அதைக் காலத்தோடு மாற்றுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், உப்புக்காக மட்டும் ஆர்.ஓ. வைக்க வேண்டிய அவசியமில்லை.

போன வாரம் நாட்டு மருந்துக் கடையில் நாலு தேத்தாங்கொட்டை வாங்கி வந்தேன். ஒரு மண்பானையில் கலங்கல் தண்ணீர் எடுத்து, உள்பக்கம் தேய்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்குக் கை தானாகப் போனது.

"போதும்" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.