ஒரு கையெழுத்து பம்பாய்க்கு வந்த வழி

நெருக்கடி நிலையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்திரா காந்தியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த 21 மாதங்களையும் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் புரூஃப் அறையில் கழித்தவன் நான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்னொரு பெயர்: பக்ருதீன் அலி அகமது. எங்கள் மேஜைக்கு வந்த ஒவ்வொரு தடையையும் பின்னோக்கித் தேடிப்போனால் கடைசியில் குடியரசுத் தலைவரான அவருடைய கையெழுத்தில்தான் போய் நிற்கும்.

1975இல் ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆங்கில நாளேட்டில் எனக்கு வேலை. குடியிருந்தது மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், நான்கு பிரம்மச்சாரிகள் சேர்ந்து எடுத்த அறை. ஜூன் 26 காலை இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவனை அறை நண்பர் தட்டி எழுப்பினார். வானொலியில் இந்திரா பேசிக்கொண்டிருந்தார். குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருக்கிறார், யாரும் பதற வேண்டியதில்லை என்றார். செய்தவர் குடியரசுத் தலைவர் என்றுதான் அந்த அம்மையாரும் சொன்னார். நாங்கள் அச்சடித்து அனுப்பியிருந்த அன்றைய பத்திரிகையில் முந்தின நாள் மாலை ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய பேச்சு இருந்தது. அதைத் தெருவில் ஜனங்கள் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கைதாகியிருந்தார்.

தணிக்கை என்றால் என்னவென்று எங்கள் அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு உடம்பாலேயே தெரியும். அப்போது லைனோ மெஷின் காலம். ஒவ்வொரு வரியும் தனித்தனி ஈயத் துண்டாக வந்து விழும். உடனே தொட்டால் விரல் சுடும். அவற்றை அடுக்கி, மை தடவி, நீளத் தாளில் ஈரப் புரூஃப் எடுத்துத் தருவார்கள். நான் திருத்திய பிறகு ஒரு பிரதி தணிக்கை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போகும். பியூன் அங்கே பெஞ்சில் காத்திருந்து வாங்கிவர மணி பதினொன்றாகும், சில நாள் அதற்கும் மேல். நீலப் பென்சிலால் குறுக்கே கோடு போட்ட பத்திகளை ஃபோர்மன் ஒவ்வொரு வரியாகப் பெயர்த்து எடுத்து ஒரு தகர டப்பாவில் போடுவார். அது நேரே உருக்கும் சட்டிக்குப் போகும். மறுநாள் செய்தி அதே ஈயத்தில்தான் வரும்.

எடுத்த இடத்தைக் காலியாக விடவும் கூடாது. ஜூன் 28 அன்று தில்லியில் இந்தியன் எக்ஸ்பிரஸும் ஸ்டேட்ஸ்மனும் தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு வெளியிட்டுவிட்டன. வெள்ளைத்தாளும் பேசும் என்று அதிகாரிகளுக்கு அன்றைக்குப் புரிந்தது. உடனே அதற்கும் தடை. அதனால் எங்கள் கையிருப்பில் எப்போதும் மரம் நடுவது பற்றி நாலு பத்தி, இருபது அம்சத் திட்டம் பற்றி ஆறு பத்தி என்று தயாராக வைத்திருப்போம்.

அதே ஜூன் 28 அன்று பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் மரண அறிவிப்புப் பகுதியில் சில வரிகள் வந்தன. உண்மையின் கணவரும் சுதந்திரத்தின் தந்தையுமான ஒருவர் ஜூன் 26 அன்று காலமானார் என்று இருந்தது. இறந்தவரின் பெயரெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஜனநாயகம் என்பதற்கான ஆங்கிலச் சொல். பணம் கட்டி அந்த விளம்பரத்தைக் கொடுத்தவர் அசோக் மகாதேவன் என்ற இளம் பத்திரிகையாளர் என்பது பிற்பாடு தெரிந்தது. மாட்டுங்காவில் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துப் பூஜை அறையில் வைத்திருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கர். அவருடைய அண்ணன் மகன் அதே வீட்டில், ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீஸில் ஃபைல் நகர்கிறது, இதுதான் நாட்டுக்கு வேண்டும் என்று வாதாடுவான். அந்த எண்ணம் மாட்டுங்காவில் பாதி வீடுகளில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலையில் காய்கறி வாங்கப் போனால் யாராவது பக்கத்தில் வந்து, “நேத்து என்ன சார் எடுத்தா?” என்று மெல்லக் கேட்பார்கள். உருகிப்போன வரிகளை நான் படித்திருந்தேன் அல்லவா? சுருக்கமாகச் சொல்வேன். ஊருக்குத் தெரியக் கூடாது என்று எடுத்ததை நாலு பேருக்காவது சொல்லிவிட வேண்டும் என்ற வெறி அப்போது எனக்கு இருந்தது.

டிசம்பர் 8 அன்று ஒரே நாளில் மூன்று அவசரச் சட்டங்கள். ஆட்சேபகரமானவற்றை வெளியிடத் தடை; பிரஸ் கவுன்சில் கலைப்பு; நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிடப் பாதுகாப்புத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து. அந்தக் கடைசிச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பெரோஸ் காந்தி, பிரதமரின் கணவர். மூன்றுக்கும் கையெழுத்து பக்ருதீன் அலி அகமதுவுடையது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆபிரகாமின் கார்ட்டூன் வந்தது. குளியல் தொட்டியில் கிடக்கும் குடியரசுத் தலைவர் கதவிடுக்கு வழியே கையெழுத்திட்ட தாளை நீட்டுகிறார்; இன்னும் அவசரச் சட்டம் ஏதாவது இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். அதை வரைந்தவரோ குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட மாநிலங்களவை உறுப்பினர். அது எப்படித் தணிக்கையைத் தாண்டியது என்று எங்கள் அறையில் இரவெல்லாம் பேசினோம். ஒரு நாட்டின் தலைவரைப் பற்றி அவ்வளவு பெரிய உண்மையை அந்த இருபத்தொரு மாதங்களில் வேறு யாரும் அச்சில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போவேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் அங்கே நிறைய. தோல் கிடங்கு வேலை, இட்லி வியாபாரம், தையல். பெரியப்பா மகன் குடியிருந்த சந்தின் முனையில் கழகத் தோழர்கள் நடத்திய படிப்பகம் ஒன்று இருந்தது. பத்திரிகைகள் சென்னையிலிருந்து ரயிலில் தாமதமாகத்தான் வரும். ஆனாலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நெருக்கடி நிலை வந்த மறுநாளே தி.மு.க. செயற்குழு அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டதால், தாராவியில் அப்போது ஒரு நிமிர்வு இருந்தது. நம்ம ஊரில் நம்ம ஆட்சி இருக்கிறது, அங்கே இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற தைரியம்.

1976 ஜனவரி 31 அன்று அதற்கும் ஒரு கையெழுத்து விழுந்தது. ஆளுநர் கே.கே.ஷா அறிக்கை அனுப்ப, குடியரசுத் தலைவர் கலைஞரின் ஆட்சியைக் கலைத்தார். கைதுகள் தொடங்கின. யார் யாரைப் பிடித்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுத முடியாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்றைய முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாகப் பெயர்கள். அவ்வளவுதான். சிறை என்ற சொல் அதில் இல்லை.

அந்த இதழ் தாராவிக்கு வந்தபோது நான் படிப்பகத்தில் இருந்தேன். வாசித்தவர் தோல் கிடங்கில் கணக்கு எழுதும் அண்ணாச்சி. முதல் சில பெயர்களை வழக்கமான குரலில் படித்தார். பிறகு நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஏலே, எல்லாரும் உக்காருங்க. இது சும்மா பட்டியல் இல்ல” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டார். திருநெல்வேலி வந்ததும் பின்னாலிருந்து ஒரு ஆச்சி, “மறுபடியும் படிங்கய்யா” என்றாள். படித்தார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். செய்தி எழுதும் கலையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு மேல் ஒன்றை நான் கற்றதில்லை.

அதே பிப்ரவரியில் 10ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. மினு மசானி நடத்திய ஃப்ரீடம் ஃபர்ஸ்ட் என்ற சிறு மாத இதழின் கட்டுரைகளைத் தணிக்கை அதிகாரி பினோத் ராவ் தடுத்திருந்தார். மசானி வழக்குப் போட்டு வென்றார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் மாடனும் கனியாவும் அந்த வெற்றியை உறுதிசெய்தார்கள். எல்லாப் பத்திரிகைகளையும் ஒரே காற்றுக்குப் பாய் விரிக்க வைப்பதும் ஒரே குரலில் பாட வைப்பதும் தணிக்கை அதிகாரியின் வேலை இல்லை என்றார்கள். அதன் தட்டச்சுக் கார்பன் பிரதி ஒன்று கைமாறிக் கைமாறி எங்கள் அறைக்கு வந்தது. எழுத்துகள் மங்கிப்போயிருந்தன. விளக்கடியில் வைத்துப் படித்தோம்.

அந்தத் தீர்ப்பால் காக்க முடியாதவர்களும் இருந்தார்கள். செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கத்தில் ஜனதா காலனி. ஏறத்தாழ 70,000 பேர் இருந்தார்கள், தமிழர்கள் கணிசம். என் சித்தி குடும்பம் அங்கேதான், தகரக் கூரை போட்ட ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில். அந்த நிலம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்று பல வருடங்களாக இழுபறி. காலனி மக்களுக்காக நின்றவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். குப்பை அள்ள மாநகராட்சி வராதபோது, குழந்தைகள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் போடச் செய்தவர். தில்லிக்கே போய்ப் பிரதமரைப் பார்த்துவிட்டு வந்தவர்.

1976 மே 17. போலீஸ் வண்டிகள் நிறைந்து நின்றன. நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது சித்தி வீட்டுத் தகரத்தை அவளே பிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இடித்தால் தகரம் நசுங்கிவிடும், நாமே பிரித்தால் அங்கே போய் மறுபடி போடலாம் என்றாள். ஆணிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தாள். வளைந்த ஆணிகளைக்கூட விடவில்லை. சித்தப்பா குடும்ப அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு லாரிக்காக நின்றார். கொண்டுபோய் இறக்கிய இடம் சீதா கேம்ப், கழிமுகச் சதுப்புக்குப் பக்கத்தில். மூன்று வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

என்னோடு வேலை செய்த ஒரு நிருபர் அன்று அங்கே இருந்தார். அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுத்தார். அந்த வரிகளை நான்தான் திருத்தினேன். அதில் ஆணி பாட்டில் இருந்தது. தணிக்கையிலிருந்து திரும்பியபோது முழுப் பத்தியிலும் கோடு. அந்த இரவு ஃபோர்மன் தகர டப்பாவை என் பக்கம் நகர்த்தி, “ஒன்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் மராத்தியில். எடுத்துக்கொள்ளவில்லை, அச்சுக்கூட ஈயத்துக்குக் கணக்கு உண்டு, அவர் வேலை போய்விடும்.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம், உயிருக்குப் பாதுகாப்பு என்ற உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் வழியை 1975 ஜூன் 27ஆம் தேதி ஆணையும், பேச்சு, குடியிருப்பு, தொழில் உரிமைகளுக்கான வழியை 1976 ஜனவரி 8ஆம் தேதி ஆணையும் அடைத்திருந்தன. இரண்டும் குடியரசுத் தலைவர் ஆணைகள். சித்தியின் வீட்டை அகற்றியதற்கும் அந்த நீலப் பென்சிலுக்கும் ஒரே கைதான் அதிகாரம் தந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

1977 பிப்ரவரி 11 அன்று பக்ருதீன் அலி அகமது பதவியிலேயே இறந்தார். தேர்தல் வந்தது, மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீங்கியது, நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரிக்க ஷா கமிஷன் உட்கார்ந்தது. அங்கேதான் ஜூன் 25 இரவு நடந்தது வெளியே வந்தது. பிரதமரின் கடிதம் ராஷ்டிரபதி பவனுக்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அமைச்சரவை முடிவு என்று அதில் இல்லை. குடியரசுத் தலைவரின் செயலர் கே.பாலச்சந்திரன் அதைப் படித்துவிட்டு, அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் நீங்கள் இப்படிச் செய்ய அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் போய்த் திரும்பி வருவதற்குள் பிரதமரின் உதவியாளர் ஆர்.கே.தவான் வரைவைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலை ஆறு மணிக்கு. அந்த மாளிகையில் அந்த இரவில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பது எனக்கு இன்றைக்கும் ஆறுதல்.

கேள்வி கேட்டே பழகிய ஒருவரும் பின்னாளில் குடியரசுத் தலைவர் நாற்காலிக்கு வந்தார். கே.ஆர்.நாராயணன், 1945இல் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிருபர். அந்த வருடம் ஏப்ரல் 10 அன்று இங்கேதான் காந்தியைப் பேட்டி கண்டார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி வந்த பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1998இல் சுதந்திர தினத்துக்கு முன்னிரவு வழக்கமான உரையை விட்டு, பத்திரிகையாளர் என்.ராமின் எதிரே உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சீதா கேம்பில் சித்தி வீட்டில் உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவள் பிரித்து மறுபடி போட்ட தகரம் போய் அப்போது சிமெண்டு கூரை வந்திருந்தது.

ஷா கமிஷன் அறிக்கை 1980க்குப் பிறகு கடைகளிலும் நூலகங்களிலும் கண்ணில் படாமல் போயிற்று. தம்மிடம் பத்திரமாக இருந்த பிரதியைக் கொண்டு 2010இல் மறுபடி பதிப்பித்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா.செழியன். வாங்கி வைத்திருக்கிறேன். சித்தியின் பேத்தி செம்பூரில் கல்லூரியில் இதழியல் படித்தபோது அதைக் கேட்டு வாங்கிப் போனாள். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தரும்போது, “தாத்தா, அன்னிக்கு ராத்திரி தில்லியில ஒரு ரிப்போர்ட்டர்கூட முழிச்சிருக்கலையா?” என்று கேட்டாள்.

விழித்துத்தான் இருந்தார்கள், பகதூர் ஷா ஜாபர் சாலையில் பத்திரிகை அலுவலகங்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்றேன். வேறு மின்தடத்தில் இருந்ததால் ஸ்டேட்ஸ்மனும் ஹிந்துஸ்தான் டைம்ஸும் மட்டும் தப்பின. அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தெருவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள்.