கோபுரம் எட்டாத கடலில் கைப்பேசிச் செயலி

பரளச்சி போன்ற கண்மாய்க்கரை ஊர்களில் சாலையைப் பிழையின்றிக் காட்டும் கைப்பேசி வரைபடம், கிழக்கே இராமநாதபுரம் கரையிலிருந்து படகு பாக் நீரிணைக்குள் இறங்கியதும், ஆழத்தையோ 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லையையோ காட்டாத வெறும் நீலப்பரப்பாகிவிடுகிறது.

கைப்பேசியிலுள்ள ஜிபிஎஸ், அதாவது செயற்கைக்கோள் சமிக்ஞையால் இருப்பிடம் அறியும் வசதி, அலைபேசிக் கோபுரமின்றியே இயங்கும். ஆயினும் வரைபடமும் புயல் எச்சரிக்கையும் இணையத்தின் வழி வருவதால், கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டருக்கு அப்பால் அவை நின்றுபோகின்றன. 2017இல் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்தோரை எச்சரிக்கை எட்டாமற்போன கொடுமையை எண்ணினால், இணையமின்றி இயங்குவதே செயலிக்குரிய முதல் தகுதி என்பது விளங்கும். அக்குறையைப் போக்கவே, ககன் எனும் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பின் வழியாக எச்சரிக்கையைப் பெற்றுப் புளூடூத் மூலம் கைப்பேசிக்கு அனுப்பும் ஜெமினி கருவி 2019இல் அறிமுகமானது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி, மீன் கிடைக்கக்கூடிய பகுதி, அலை உயரம், எல்லை நெருங்கும்போது எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழிலேயே தருவதால், உல்லாசப் படகோட்டிகளுக்கான வெளிநாட்டுச் செயலிகளைவிட இக்கரைக்குப் பெரிதும் ஏற்றது. எனினும் உப்புநீர் பட்ட தொடுதிரை ஈரவிரலுக்கு இணங்காது, மின்கலமும் தீரும். ஆகவே தனி ஜிபிஎஸ் கருவிக்கும் விஎச்எஃப் வானொலிக்கும் கைப்பேசி துணையாகலாமே தவிர மாற்றாகாது. கடற்கரையில் உங்களுக்கு உறவினர் இருந்தால், நீர்புகா உறையையும் கூடுதல் மின்சேமிப்பானையும் படகில் வைக்குமாறு அவர்களிடம் இன்றே சொல்லுங்கள்.