இரண்டு பல் பிசகிய கதை

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். செய்தியொன்றில் பிழை நேர்ந்துவிட்டால் அது நிருபரிடம் நேர்ந்ததா, உதவி ஆசிரியரிடம் நேர்ந்ததா, அச்சுக்கூடத்தில் நேர்ந்ததா என்று பின்னோக்கித் தேடிச் செல்வது என் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த வேலையை நன்கறிந்தவன் என்ற எண்ணமும் எனக்கு உண்டு. அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்த்தது, எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய கார்.

எங்களிடம் இருப்பது மொறிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட கார் அது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் வடிவமைப்பு. எங்களுடையது 1960ஆம் ஆண்டுக்குரியது. 948 சிசி எஞ்சின் கொண்டது. அப்பா அதனை எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டாம் கையாக வாங்கினார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மாட்டுவண்டிகளைப் போலவே சாதாரணமாக ஓடித் திரிந்தன.

போர்க்காலத்தில் குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளை அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றோல் போத்தல்களில் அளந்து விற்கப்பட்டது. அதன் விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம். எஞ்சின் தட்டும், புகை கக்கும், பிளக்குகள் கரி பிடிக்கும். ஆயினும் கார் ஓடியது. அதனை ஓட வைத்தவர் எங்கள் ஊர் மெக்கானிக். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றே அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கி நடந்தபோது, என் பாட்டி இந்தக் காரின் பின் இருக்கையில் படுத்திருந்தார். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும் வீதியில் சனவெள்ளத்துக்கு நடுவே கார் இரண்டு தடவை நின்றுபோனது. இரண்டு தடவையும் அதனை மீண்டும் இயக்கியவர் அண்ணைதான். அவருடைய குடும்பம் சைக்கிளோடு எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தது. இதற்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்தோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற தைப்பொங்கலுக்குப் பின் காரின் முன்புறத்தில் ஓயில் ஒழுகத் தொடங்கியது. எஞ்சினின் முகப்பில் உள்ள ரைமிங் கவரின் சீல் தேய்ந்துவிட்டது என்றார் அண்ணை. அந்தக் கவரைக் கழற்றுவது சிறிய வேலையன்று. றேடியேற்றரைக் கழற்ற வேண்டும். பான் பெல்ற்றைத் தளர்த்த வேண்டும். கிராங்க் தண்டின் முனையில் உள்ள பெரிய நட்டை விடுவித்து, அதன் பின்னுள்ள கப்பியை இழுத்தெடுக்க வேண்டும். அதன் பிறகே கவர் கையில் வரும். அவ்வாறு திறந்தபோது உள்ளே இருந்த ரைமிங் செயின் தளர்ந்திருப்பது தெரிந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்துப் புதிய செயின் எடுப்பித்தோம். அண்ணை எல்லாவற்றையும் பூட்டி முடிப்பதற்கு மூன்று நாள் எடுத்தார். முன்னர் என்றால் ஒரு நாள் போதும். அவருக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் திறப்பைத் திருகினோம். ஸ்ராட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மீண்டும் திருகினோம். காபரேற்றர் வழியாகத் தும்மல் போல ஒரு சத்தம் வந்ததே தவிர வேறொன்றுமில்லை.

கார் இயங்காவிட்டால் பார்க்க வேண்டியவை நான்கு. எரிபொருள் வருகிறதா, தீப்பொறி விழுகிறதா, சிலிண்டருக்குள் அமுக்கம் இருக்கிறதா, இவை மூன்றும் உரிய நேரத்தில் ஒன்றுசேர்கின்றனவா என்பவை அவை. அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெற்றோல் வந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் முட்டவைத்துப் பார்த்தபோது பொறி நன்றாகவே விழுந்தது. பொறி விழும் நேரம் சற்றுப் பிந்தியிருப்பதாகச் சொல்லி, டிஸ்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி அதைத் திருப்பி வைத்தார். அப்போதும் எஞ்சின் பிடிக்கவில்லை. பொயின்ற் மாற்றினார், கொண்டென்சர் மாற்றினார். ஒரு வாரம் போயிற்று. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு முச்சக்கர வண்டியில் போய் வந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில் நகரத்திலிருந்து இளம் மெக்கானிக் ஒருவர் வந்தார். பண்பான பிள்ளை. தான் கொண்டுவந்த கருவியைச் செருகுவதற்கு இந்தக் காரில் இடமே இல்லை என்று சிரித்தார். பழைய மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். அது அவருக்குப் புதுமையாக இருந்தது. அமுக்கத்தை அளந்து பார்த்துவிட்டு, நான்கு சிலிண்டர்களிலும் அது குறைவாக இருப்பதாகவும், எஞ்சின் தேய்ந்துவிட்டதாகவும், முழுவதுமாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்றும் கூறினார். இல்லையேல் பழைய கார் சேகரிப்பவர் எவருக்காவது விற்றுவிடலாம் என்றார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இங்கு பழைய காருக்கெல்லாம் ஏறிய விலை வாசகர்கள் அறிந்ததே.

அன்று மாலை கனடாவில் இருக்கும் தம்பியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணையாலை இனி ஏலாது. வயது போட்டுது. நாங்கள்தான் விளங்காமல் அவரிட்டைக் குடுத்திட்டம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், ஸ்பனர் ஒன்றைத் திரும்ப எடுத்துச் செல்ல வந்த அண்ணை படலையடியில் நிற்கிறார். அவர் கேட்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. "தம்பி, சாமான் ஒண்டை விட்டிட்டுப் போனனான்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் இரண்டு இடங்களில் உறுதிப்படுத்தவேண்டும் என்று இளம் நிருபர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அண்ணையைப் பற்றி ஒரே ஒருவரின் கருத்தைக் கேட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டேன். அத்துடன் ஒரு சாதாரண கேள்வியையும் கேட்க மறந்திருந்தேன். சீலுக்காகக் கவரைத் திறக்கும் முன்னர் இந்தக் கார் நன்றாகத்தானே ஓடியது? தேய்ந்த எஞ்சின் ஒரே நாளில் தேய்வதில்லை. திருத்த வேலைக்குப் பிறகு வந்த கோளாறை, திருத்தும்போது கை வைத்த இடத்தில் அல்லவா முதலில் தேட வேண்டும்?

மறுநாள் காலை அண்ணையின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார்கள். "அண்ணை, நீங்கள் கழற்றினது எது எது எண்டு ஒருக்கால் வரிசையாச் சொல்லுங்கோ" என்றேன். குற்றம் பிடிக்கும் குரல் வந்துவிடக்கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. அவர் விரல் மடித்து எண்ணினார். றேடியேற்றர், பெல்ற், கப்பி, கவர், செயின். அந்த இடத்தில் நிறுத்தினார்.

"புள்ளி பாத்துத்தான் போட்டனான்..." என்று தொடங்கியவர், சற்றுப் பொறுத்து, "பாத்தன் எண்டுதான் நினைக்கிறன்" என்றார்.

வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டும். கிராங்க் தண்டு இரண்டு தடவை சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரு தடவை சுற்ற வேண்டும். இரண்டையும் பற்சக்கரங்கள் மூலம் பிணைப்பது அந்தச் செயின். இரு சக்கரங்களிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்துச் செயினை மாட்ட வேண்டும். ஒரு பல் பிசகினால் எஞ்சின் இழுவை இழந்து ஓடும். அதற்கு மேலும் பிசகினால் வால்வு மூடவேண்டிய நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே அமுங்க வேண்டிய காற்று வந்த வழியே திரும்பிப் போகும். அமுக்கம் குறைவாகக் காட்டியதற்கும் காபரேற்றர் தும்மியதற்கும் அதுவே காரணமாகலாம்.

அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, பொறி பிந்தி வருது எண்டு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி வைச்சனான் எல்லே. நான் அதைக் கழற்றவே இல்லை. தொடாத சாமான் ஏன் பிந்தும்? அப்பவே யோசிச்சிருக்க வேணும்." டிஸ்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம் தண்டுதான். கேம் பிந்தியதால் பொறியும் பிந்தியது. பொறியை மட்டும் திருத்தியதால் மூலப் பிழை மறைந்துபோனது. திருத்தம் போட்டுப் பிழையை மறைக்கும் வித்தை பத்திரிகைக்காரனுக்குத் தெரியாததா?

கவரை மறுபடி கழற்றாமலே இதைச் சோதிக்க வழி உண்டு என்றார் அண்ணை. வீட்டுக்கு வந்ததும் முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் என் பெருவிரலை வைக்கச் சொன்னார். முன் பம்பரின் ஊடாகக் கைபிடியைச் செருகி மெதுவாகச் சுற்றினார். காற்று விரலைத் தள்ளியபோது நிறுத்தி, கப்பியில் உள்ள வெட்டினைக் கவரில் உள்ள கூருக்கு நேரே கொண்டுவந்தோம். இப்போது முதலாம் பிஸ்ரன் உச்சியில் நிற்கிறது. இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ஆகவே நான்காம் பிஸ்ரனும் உச்சியில் நிற்கும். அது புகையை வெளியேற்றி முடித்துப் புதிய காற்றை இழுக்கத் தொடங்கும் தறுவாயில் இருக்கும். எஞ்சின் சரியாகப் பூட்டப்பட்டிருந்தால், நான்காம் சிலிண்டரின் ஒரு வால்வு மூடி முடிகிற நிலையிலும் மற்றது திறக்கத் தொடங்கிய நிலையிலும் காணப்பட வேண்டும்.

மேல் மூடியைக் கழற்றினோம். புகை வெளியேறும் வால்வு நன்றாகத் திறந்திருந்தது. மற்ற வால்வு அசையத் தொடங்கவே இல்லை. "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ தம்பி" என்றார் அண்ணை. அப்போதுதான் அவர் ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். "எனக்கு இப்ப கிட்டத்துச் சாமான் புகார் மாதிரித்தான் தெரியுது." இரண்டு கண்களிலும் வெண்புரை வளர்ந்திருந்தது. பிள்ளைகளுக்குக்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குப் போக விடமாட்டார்கள் என்ற பயம்.

றேடியேற்றர் மறுபடி வெளியே வந்தது. கவரைத் திறந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கேம் சக்கரத்தில், புள்ளியிலிருந்து இரண்டு பல் தள்ளி, எப்போதோ சுத்தியல் பட்ட ஒரு பழைய வடு இருந்தது. மங்கிய கண்ணுக்கு அது புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. நான் புள்ளியைக் காட்டினேன். அவர் செயினை மாட்டினார். அதற்குப் பின் அவருக்கு என் கண் தேவைப்படவில்லை. கவரின் போல்ற்றுகளை இறுக்கும் முன்னர் கப்பியைச் சீலுக்குள் செலுத்தி, கவர் நடுவில் அமர்ந்ததை விரல் நுனியால் தடவி உறுதிசெய்த பின்னரே இறுக்கினார். டிஸ்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். ஸ்ராட்டரைத் தொடும் முன்னர் கைபிடியால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இது இன்னும் முக்கியம். அவற்றில் நேரம் பிசகினால் பிஸ்ரனும் வால்வும் மோதி உடையும். இயங்காத எஞ்சினைத் திறப்பால் திரும்பத் திரும்பச் சுழற்றுவது அங்கே பெருஞ்செலவில் முடியும். அத்தகைய கார்களில், கழற்றிய சென்சர் வயர்களும் பூமி இணைப்புகளும் மறுபடி மாட்டப்பட்டனவா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

திறப்பைத் திருகச் சொல்லி அண்ணை என்னிடமே தந்தார். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார்.

தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளுக்காக நான் மன்னிப்புக் கேட்க முயன்றேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. "பிழை விட்டது நான்தானே" என்று கைகளைத் துடைத்துக்கொண்டார். தவறிய இடத்தை அவர் தாமாகவே கண்டு, என் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். ஆசிரியபீடங்களில் அமர்ந்திருந்த காலத்தில் நான் எத்தனை தடவை அவ்வாறு செய்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன், விரல்கள் மிஞ்சுகின்றன.

அடுத்த திங்கட்கிழமை அதிகாலையில் அந்தக் காரிலேயே அவரை அரச மருத்துவமனையின் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். சத்திர சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "மூண்டாம் பிளக் கொஞ்சம் விட்டு விட்டு அடிக்குது தம்பி, கண் வெட்டின பிறகு பாப்பம்" என்றார்.

எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.