கம்பியில் காது வைக்கிறவர்

சேலத்தில் வீடு கட்டுகிறவர்கள் இரண்டு தண்ணீருக்கும் சேர்த்தே கட்டுகிறார்கள். மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரி 'நல்ல தண்ணி'. போர்வெல்லில் ஏறுவது 'உப்புத் தண்ணி'. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனி லைன், தனித்தனி வால்வு. நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்கத் தரைக்கடியில் ஒரு சம்ப். இத்தனை குழாயும் சுவருக்குள் போய், மேலே பூச்சும் டைல்ஸும் ஏறிவிட்டால், எது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

அழகாபுரத்தில் இருக்கும் நண்பர் வீட்டில் மேல்தொட்டி ராத்திரி நிரம்பியிருக்கும், விடியும்போது பாதிதான் இருக்கும். குளியலறை டைல்ஸை மொத்தமாகப் பெயர்த்துவிடலாம் என்று ஒரு கொத்தனார் சொல்லியிருந்தார். "அதுக்கு முன்னால ஒருத்தர் வந்து பாக்குறாரு. நீயும் வா, உனக்கு எழுத ஆகும்" என்று நண்பர் கூப்பிட்டார்.

வந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எக்செல் வண்டியின் முன்பக்கம் ஒரு கோணிப்பை. அதில் பைப் ரின்ச், ஹேக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப், கையால் அடிக்கிற சின்னப் பம்பு ஒன்று. இடுப்புயரத்துக்கு ஒரு கம்பி மட்டும் தனியாகத் துணியில் சுற்றியிருந்தது. பையைக் கீழே வைத்ததும் அவர் கேட்டது ரின்ச்சை அல்ல. "வீட்ல சொட்டு நீலம் இருக்குதுங்களா?"

ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து நாலைந்து சொட்டு நீலம் விட்டார். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது என்றார். டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாசர் தேய்ந்திருந்தால், தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பையின் சுவரோடு ஒட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நீலம் இறங்கினால் தெரிந்துவிடும். "தொட்டி காலியாகுதுன்னு கூப்பிடுற வீட்ல பாதி இதுலயே முடிஞ்சுபோயிருங்க" என்றார்.

இந்த வீட்டில் கோப்பை வெள்ளையாகவே இருந்தது. அடுத்து மாடிக்குப் போனார். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, வெளியே போகும் வால்வை மூடினார். கோடு அப்படியே நின்றது. திறந்து விட்டதும் கொஞ்ச நேரத்தில் மட்டம் கோட்டை விட்டு இறங்கியது. ஆகத் தொட்டியில் குறை இல்லை, குழாயில்தான். மூன்று குளியலறை, ஒரு சமையலறை. எந்த அறைக்கும் தனி வால்வு கிடையாது. ஒன்றொன்றாக அடைத்துப் பார்க்க வழியில்லை.

அப்போதுதான் துணியைப் பிரித்துக் கம்பியை எடுத்தார். சாதாரண இரும்புக் கம்பிதான். ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் தட்டையாக ஒரு வாசரைப் பற்றவைத்திருந்தார். கூரான முனை குழாயில், வாசர் காதில். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மயிரிழை விரிசலில் பீறிடும்போது குழாய் அதிரும். அந்த அதிர்வை இரும்பு காற்றைவிட நன்றாகக் கடத்தும். உலகம் முழுக்கக் குடிநீர் வாரிய ஆட்கள் நடுரோட்டில் ராத்திரி நேரத்தில் இப்படித்தான் கசிவைத் தேடினார்கள். இப்போது அதற்கு மைக்கும் ஹெட்போனும் வந்துவிட்டன. இவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர், ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆன ஒரு நகராட்சி ஃபிட்டர்.

ஆனால் ரோட்டுக் குழாய்க்கும் வீட்டுக் குழாய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தால், கீழே கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மாடிக் குளியலறையில் ஷவர் அழுதுகொண்டு ஊற்றுவதற்கு இதுதான் காரணம். அந்த அழுத்தத்தில் சின்னக் கசிவு சத்தம் போடாது. அதனால் மாடி வால்வை மறுபடி மூடிவிட்டு, ஒரு குழாய் வாயில் கைப்பம்பை மாட்டி அடித்தார். பம்பு மீட்டரின் முள் நாலு பார் வரைக்கும் ஏறி, நிற்காமல் இறங்கியது. மறுபடி அடித்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு குழாயிலும் கம்பியை வைத்து, கண்ணை மூடி, இடது காதைக் கொடுத்தார். கீழ் வீட்டு வாஷ்பேசினுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார். பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரம் போடும் சத்தம் போல, மெலிதாக ஒரு இரைச்சல்.

ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே பிளாஸ்டிக் எல்போவின் வாயில் ஒரு விரிசல். கட்டும்போது யாரோ ரின்ச் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். "பிளாஸ்டிக் நூலுக்குக் கை முறுக்கு, அதுக்கு மேல அரைச் சுத்து. அவ்வளவுதானுங்க. ஜி.ஐ. பைப்புல பழகுன கைக்கு இது தெரியாது. அன்னிக்கு ஒழுகாது. ரெண்டு வருஷம் கழிச்சு ஒழுகும்." அந்த இடத்தில் பித்தளை நூல் வைத்த எல்போவைப் போட்டார். வெட்டியதும் ஒட்டியதும் பத்து நிமிஷ வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இடது காது ஏன் என்று டீக்கடையில் கேட்டேன். அவருக்குச் சொந்த ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அந்த ஊர்க்காரர்களுக்கு ரிக் வண்டி என்றால் விளக்க வேண்டாம். இந்தியாவில் பாறையைத் துளைத்துப் போர் போடும் இடங்களில் எல்லாம் திருச்செங்கோட்டு வண்டி நின்றிருக்கும். பதினேழு வயதில் அதில் ஏறியிருக்கிறார். ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம். மாதக்கணக்கில் வண்டியிலேயே சமையல், வண்டிக்கடியிலேயே தூக்கம். கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று ராடு மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. "வலது காதுல இன்னிக்கும் ஙொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. கல்யாணம் ஆனப்புறம் வீட்ல, வண்டி வேண்டாம்னுட்டாங்க." ஊருக்குத் திரும்பி, ஒரு பிளம்பரிடம் சுவர் காடி வெட்டும் கையாளாகச் சேர்ந்தார். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தவர், பிறகு அது வீட்டுக்குள் படுத்தும் பாட்டைப் பார்க்க வந்துவிட்டார்.

அதன் பிறகு சில நாள் அவர் வண்டியின் பின்னால் என் வண்டியும் போனது. பெரும்பாலும் உப்புதான் குற்றவாளி. ஏற்காட்டு அடிவாரத்தில் வெள்ளைக்கல் என்று ஊரார் சொல்லும் மாக்னசைட்டை வெட்டி எடுக்கிற மண் இது. அந்தச் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரில் மெக்னீசியம் கூடுதல். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சூடு ஏறும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டாகிப் படியும். அதனால்தான் முதலில் ஹீட்டர் கெடுகிறது, அடுத்து ஷவரின் கண் அடைகிறது. ஷவர் தலையைக் கழற்றி ராத்திரி முழுக்க எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ போட்டால் உப்பு விட்டுவிடும். கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றினால் உப்போடு பளபளப்பும் போகும், செப்டிக் டேங்கில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரும் சாகும்.

ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டில் குடிக்கிற தண்ணீரே கரித்தது. அவசரத்துக்கு உதவும் என்று கட்டியவர் இரண்டு தொட்டி லைனையும் ஒரு கேட் வால்வால் இணைத்திருந்தார். உப்பு படிந்து வால்வு முழுதாக மூடாமல் நின்றுவிட்டது. வால்வை மாற்றச் சொன்னார் வீட்டுக்காரர். இவர் கேட்கவில்லை. இணைப்பையே அறுத்து இருபுறமும் எண்ட் கேப் போட்டார். "புது வால்வும் ரெண்டு வருஷத்துல இப்படித்தானுங்க ஆகும்."

உப்பை விட்டால், மற்ற குறைகளில் பெரும்பாலானவை வீட்டுக்காரர் செய்தவை அல்ல. குடியேறும் முன்பே சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டவை. ஒப்பந்தக்காரர் வீட்டுக்காரரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார். அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு குழாய் வேலையை இன்னொருவருக்கு உள்குத்தகை விடுகிறார். அவர் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஆள் விடுகிறார். கடைசியில் கையில் ரின்ச் பிடித்தவனுக்கு வருவதில் வாழ வேண்டுமென்றால் வேகமாக ஓட வேண்டும். குழாயை வெட்டாமல் கழற்ற உதவும் யூனியன் இணைப்பு குறையும், அறைக்கொரு வால்வு போகும், பூசுவதற்கு முன் பம்பு அடித்துச் சோதிக்கிற ஒரு நாள் போகும். மிச்சப்பட்ட காசு மேலே இருப்பவருக்கு, ஒழுகல் கீழே இருப்பவருக்கு. வேலை முடிந்ததும் அந்த ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். குழாய் போன வழி அவர்கள் நினைவோடு போகிறது.

கூலியிலும் இதே கோணல். "உடைச்சா காசு குடுப்பாங்க. உடைக்காம கண்டுபிடிச்சா, 'சும்மா காது வெச்சதுக்கா இவ்வளவு'ன்னு கேப்பாங்க" என்றார். பதினைந்து டைல்ஸைப் பெயர்த்துத் தேடுகிறவனுக்கு மூன்று நாள் கூலி, ஒன்றைப் பெயர்க்கிறவருக்கு அரை நாள் கூலி. தொழில் தெரிந்தவனுக்கு அபராதம் போடும் இந்தக் கணக்கை மாற்றாமல், நல்ல பிளம்பர் கிடைப்பதில்லை என்று நாம் புலம்புவதில் நியாயமில்லை. தேடுவதற்கென்று ஒரு கூலி, உடைப்பதற்கு வேறு கூலி என்று பேசிக்கொண்டால் போதும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அவர் சொல்லும் யோசனை எளியது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வால்வு கேளுங்கள். பம்பு அடித்து முள் ஒரு ராத்திரி நிற்கிறதா என்று நின்று பாருங்கள். இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னால் ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அந்த வீட்டில் அவர் குடியிருக்கப் போவதில்லை.