நச்செள்ளையார் எந்த ஊர்?

வஞ்சி மாநகர் எது என்னும் வினா தமிழறிஞரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. கருவூரே என்பார் ஒரு சாரார். மேலைக் கடற்கரையின் கொடுங்கல்லூரே என்பார் மறு சாரார். விடுமுறை நாள்களில் கோபிசெட்டிபாளையத்தில் கூடும் வரலாற்று ஆர்வலர்களாகிய எங்கள் நண்பர் குழாத்திலும் இப்போர் நிகழ்வதுண்டு. படைக்கலம் சங்கப் பாடல். வென்றவர்க்குப் பரிசு தேநீர்.

அண்மையில் இப்போருக்குப் பொருளானவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். விருந்தினர் வரவை அறிவித்துக் கரைந்த காக்கைக்கு, நள்ளியின் காட்டு ஆயர் தரும் நெய்யும் தொண்டியில் விளைந்த நெல்லின் சோறும் ஏழு பாத்திரங்களில் படைத்தாலும் போதாது என்று தோழி கூறுவதாகக் குறுந்தொகை 210ஆம் பாடலில் அவர் பாடியுள்ளார்.

"தொண்டி எங்கள் கடற்கரைத் துறைமுகம், ஆதலின் புலவரும் எங்களவரே" என்றார் கொடுங்கல்லூர் நண்பர். "பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் அவர் பாடிய ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் எங்கள் வஞ்சி வேந்தன் அல்லனோ?" என்றார் கருவூர் நண்பர். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "நள்ளியின் நாடு நீலமலைப் பக்கம் என்பர், ஆகவே நெய் எங்களுடையது. கொடிவேரி நீர் பாயும் எங்கள் வயல்களைக் கண்டிருந்தால் சோற்றையும் இங்கேயே கேட்டிருப்பார்!" என்றேன். அவை நகைத்தது, தீர்ப்பு வரவில்லை.

தீர்ப்பு வர வழியுமில்லை. ஆறாம் பத்தின் பதிகம் அம்மையாரின் ஊரைக் கூறவில்லை. தந்தை பெயரையோ கணவர் பெயரையோ கூறவில்லை. அவர் பெயரையும் அவர் பாடியதையும் மட்டுமே கூறுகிறது. அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப் பொன்னும், நூறாயிரம் காணமும் வழங்கி, மன்னன் அவரைத் தன் அருகில் இருத்திக்கொண்டான் என்றும் அது தெரிவிக்கிறது.

உரோமப் பேரரசுக்கு முன் இத்தாலியில் செழித்திருந்த எட்ரஸ்கர் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கொர்னேலியஸ் குடியில் பிறந்த உரோமப் பெண்மக்கள் அனைவரும் கொர்னேலியா என்றே அழைக்கப்பட்டனர். எட்ரஸ்கப் பெண்களோ ராம்தா, லார்தியா எனத் தமக்கென்று பெயர் பூண்டனர். கல்லறை எழுத்துகளில் தந்தை பெயரோடு தாயின் பெயரும் பொறிக்கப்படுவதுண்டு. செர்வேத்தரியில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் ஈமப்பேழை ஒன்று உரோம் நகரின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மனைவி கணவனோடு ஒரே மஞ்சத்தில், விருந்தில் இருப்பவள்போல் சாய்ந்திருக்கிறாள். எட்ரஸ்கப் பெண்கள் ஆடவரோடு உடனமர்ந்து உண்பதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் பழித்தெழுதினார். பழிப்பு ஏட்டில் நின்றது; அப்பெண்களின் பெயர்களோ கல்லில் நின்றன.

என் அத்தாவின் தாயாரை ஊரார் 'ராவுத்தரம்மா' என்றே அறிவர். எங்கள் குடும்ப வழிமுறை எழுதிய தாளிலும் அவர் இன்னாரின் மனைவி மட்டுமே. ஆனால், அரபுத்தமிழில் தாம் எழுதிவந்த வீட்டுக் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் தம் பெயரைத் தாமே எழுதிவைத்துள்ளார். அந்த ஒரு வரி இல்லையேல் அப்பெயர் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டியிராது.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் பாட்டியாரின் பெயரையும், அவரைப் பெற்ற தாயின் பெயரையும் கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் பாடிய தாலாட்டு ஒன்று கிடைப்பின் அதனையும் சேர்த்து எழுதுங்கள். பெரியோர்கள் நினைவிலிருப்பதைச் சொல்லி உதவ வேண்டுகிறேன். நச்செள்ளையாரின் ஊரை நாம் அறியோம், பெயரை அறிவோம். நம் இல்லத்து மூதாட்டியர்க்கு ஊர் உண்டு, பெயரும் நிலைக்கட்டும்.